உத்திரம் முடிந்த பிறகு ஐந்து நாள்

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலில் அன்று எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் 47 பேர். மும்பையிலிருந்து அத்தை, டொராண்டோவிலிருந்து பெரியப்பா மகன் குடும்பம், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகளும் மாப்பிள்ளையும், அப்புறம் சென்னை, கோவை, பெங்களூர் என்று மற்றவர்கள். பானை பொங்கியது. இரண்டு பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். பந்தி மூன்று முறை நடந்தது. எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பத்தொன்பது வருடம் கழித்து ஊருக்கு வந்திருக்கிற அத்தையிடம் அன்று முழுக்க நான் பேசியது இரண்டே கேள்வி. “எப்ப அத்தை வந்தீங்க?” “சாப்டாச்சா அத்தை?”

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. வருடம் முழுக்க எந்த ஊரில் பிழைத்தாலும் உத்திரத்தன்று அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் எல்லாரும் கிளம்பி வருகிறார்கள். இவ்வளவு செலவழித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் நாலைந்து நாள் இருந்துவிட்டுப் போவோம் என்று பாதிப் பேர் தங்கிவிடுவார்கள். அந்த நாலைந்து நாளை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கோயிலில் முகம் பார்த்துக்கொள்கிறோம். பேச்சு என்பது மறுநாள் விடிகாலை, ஒரே காரில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு எங்காவது போகும்போதுதான் வருகிறது. அதனால் அந்தப் பயணங்களைக் கோயில் காரியத்துக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு திட்டமிட வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகு. ஒன்பது வருடத்துக்கு முன், இதே மாதிரி உத்திரம் முடிந்த மறுநாள், ஒரு பெரிய வேன் பிடித்து நவதிருப்பதி ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தையும் ஆழ்வார்திருநகரியையும் சுற்றி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிற கோயில்கள். காகிதத்தில் பார்த்தால் சுலபம். ஆனால் மதியம் நடை சாத்துவதற்குள் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கோயிலிலும் பெரியவர்களை அவசரப்படுத்தினேன். வெயிலில் கல்தரை கொதித்தது. ஏழாவது கோயில் வாசலில் அம்மா மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்று யாரும் யாருடனும் ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேசவில்லை. எந்தக் கோயிலில் எந்தப் பெருமாள் என்று இன்றைக்கு எனக்கே நினைவில்லை.

அதற்கப்புறம் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஓர் இடம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பதினோரு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் நாலரைக்கு மேல் கிளம்ப வேண்டும். நடுப்பகல் தூக்கத்துக்கும் முறுக்கு தின்பதற்கும். பங்குனி, சித்திரை வெயிலோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. வேன் வேண்டாம், கார்கள் போதும். ஒவ்வொரு காரிலும் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை என்று ஒரே வீட்டார் ஒரே காரில் ஏறக் கூடாது. இந்தக் கடைசி வழக்கத்துக்கு முதலில் எதிர்ப்பு வந்தது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த முறை உத்திரத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. உடன்குடிப் பக்கம் பதனி குடிக்கப் போனோம்.

பங்குனியில் ஊருக்கு வருகிறவர்களுக்குக் கிடைக்கும் பெரிய பாக்கியம் பதனிதான். தை, மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஓடும். ஆனால் அதை டவுனில் பிளாஸ்டிக் தம்ளரில் வாங்கிக் குடித்தால் கணக்கில் சேராது. பனங்காட்டுக்கே போக வேண்டும். அப்பாவுக்குப் பழக்கமான பனையேறி ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் நாலாவது மரத்தில் இருந்தார். மரத்தடியில் முருக்குத்தடி சாய்ந்திருந்தது. அதில் கால் வைத்து ஏறி, அதற்குமேல் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாள் பெட்டியோடு உச்சிக்குப் போய்விடுகிறார். பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தில் சேர்ந்ததை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது பதனி. சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும்.

டொராண்டோ அண்ணன் மகனுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், பேசக் கொஞ்சம் திணறுவான். அவன் என்னிடம் கேட்டான், “சித்தப்பா, அவர் எத்தனை மரம் ஏறுவார்?” நான் பனையேறியிடம் திரும்புவதற்குள் பின்னால் இருந்து அத்தை பதில் சொன்னாள்.

“உங்க பூட்டனோட அப்பா ஒரு நாளைக்கு நாப்பது மரம் ஏறுவாரு மக்கா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.”

எனக்கு அது செய்தி. தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தார் என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை. அவருடைய அப்பா பனையேறி என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சொல்கிற இடத்தில் நாங்கள் யாரும் அதுவரை நின்றதில்லை.

ஓலைப்பட்டையில் பதனியை ஊற்றி, அதில் மாங்காயை நறுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். பையன் முதல் வாயில் முகம் சுளித்தான், இரண்டாவது பட்டைக்குக் கை நீட்டினான். அதன் பிறகு விடிலிக்குப் போனோம். விடிலி என்பது பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. பனையேறியின் மனைவி பெரிய சட்டியில் பதனியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். எரிப்பதற்குக் காய்ந்த ஓலையும் மட்டையும். மணிக்கணக்கில் கொதித்து, நிறம் மாறி, குழம்பாகி வரும்போது கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். உருண்டு நின்றால் பதம். உடனே இறக்கி, வரிசையாக அடுக்கி வைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் கவிழ்த்தால் கருப்பட்டி. இந்த உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரி மண்ணில் நிற்கிற பனைக்கு என்று ஒரு ருசி இருக்கிறது என்பார்கள். கடையில் சீனி கலந்த கருப்பட்டியும் நிறையக் கிடைக்கிறது. அதனால் விடிலியில் கண்முன்னால் வாங்கிப் பழகுங்கள். நாம் கொடுக்கிற பணமும் அந்த அம்மா கையில் நேரடியாகச் சேரும்.

அத்தை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மத்து மாதிரி இருந்த கட்டையை வாங்கித் தானே கிண்டினாள். பிறகு சேலை முந்தானையைத் தள்ளி, வலது முன்கையைப் பையனிடம் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தீக்காயத் தழும்பு. சின்ன வயதிலிருந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். மும்பையில் குக்கர் வெடித்ததோ என்னவோ என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். “இது பதனி கொதிச்சு விழுந்தது. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்த வருசந்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துனாவ. பதனிக் காலத்துல வீட்ல ஆள் பத்தாதுல்லா.”

பையன் ஒன்றும் பேசவில்லை. தோளில் இருந்த பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தான். பனையில் எதற்கு என்ன பெயர் என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினான். குருத்து, ஓலை, மட்டை, கருக்கு, பன்னாடை, பாளை. ஆண் பனை அலகுப்பனை, பெண் பனை பருவப்பனை. அத்தைக்கு எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. அறுபத்தைந்து வருடம் கழித்து யாரோ ஒருவன் கேட்டுவிட்டான்.

திரும்பும் வழியில் குதிரைமொழித் தேரியில் அரை மணி நேரம் நிறுத்தினோம். முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தேரி ஓர் அதிர்ச்சி. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் சிவப்பு மணல் மேடுமேடாக விரிந்து கிடக்கும். இரும்பு கலந்த மண், அதனால் அந்த நிறம். காற்று அடித்து அடித்துக் குவித்தது. இந்தத் தேரிகளில் ஆதிமனிதர்கள் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன என்பதால் தொல்லியல்காரர்களுக்கும் இது பழகிய இடம். ஏப்ரலில் கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம், பழுத்திருக்கும். அதை உப்பு தொட்டுத் தின்றால் தொண்டை கரகரப்பது குறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஒன்பது மணிக்குமேல் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. எட்டரைக்கே எல்லாரையும் காரில் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை யாரையும் எழுப்பவில்லை. திருச்செந்தூர் போக விரும்பியவர்கள் தாங்களாகப் போய்வந்தார்கள். ஜூலை குடமுழுக்குக்காகத் திருப்பணி நடந்துகொண்டிருந்த நேரம். திருச்செந்தூரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். வெளியூர்ப் பிள்ளைகளோடு போனால், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நல்ல தண்ணீர் ஊறுகிற நாழிக்கிணற்றையும், இலை விபூதி மடித்துத் தருகிற பன்னீர் இலையையும் நின்று காட்டுங்கள். சாமி கும்பிட்ட அவசரத்தில் அதெல்லாம் விட்டுப்போகும்.

சாயங்காலம் மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். வழியில் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவை அத்தை பையனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். வேண்டிக்கொண்டவர்கள் காளியாக, குரங்காக, குறவன் குறத்தியாக வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வருவார்கள். இதே ஊரில் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேல் போகாமல் ராக்கெட்டைச் சுற்றிவிட வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம், இங்கிருந்து என்றால் நேராகத் தெற்கே கடல்தான் என்று பையன் அத்தைக்கு விளக்கினான். அரைத் தமிழ், அரை ஆங்கிலம், கையால் காற்றில் ஒரு படம். “அப்ப நம்ம முத்தாரம்மன் தலைக்கு மேல போவுமா?” என்று அத்தை கேட்டாள். போகாது என்று அவன் சொன்ன பிறகுதான் நிம்மதியானாள்.

அன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு என்பதை நான் யோசித்துவைத்துப் போகவில்லை. மணப்பாட்டுத் தெருவில் நுழைந்ததும் வீட்டு வாசல்களில் குருத்தோலைச் சிலுவைகள். முந்தின நாள் பனங்காட்டில் நோட்டில் எழுதிய அதே சொல் என்று பையன் உடனே பிடித்துக்கொண்டான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் உடைந்த பாய்மரத்துண்டில் சிலுவை செய்து இங்கே நட்டார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. குன்றின் கடல் பக்கத்தில் ஒரு குகை. 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் அதில் தங்கியிருந்தார். அவருக்கு முன்பு ஒரு சைவத் துறவி அதே குகையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தால் அலைச் சத்தம் மட்டும்தான். திருச்செந்தூரில் வள்ளி குகைக்குள் குனிந்து போன அதே மாதிரி இருக்கிறது என்று அத்தை சொன்னாள். இரண்டும் ஒரே கரை.

படியேறி மேலே போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகத்துத் தண்ணீர், நடுவில் ஒரு மணல்திட்டு. சூரியன் மறைகிற நேரம். அத்தையால் அவ்வளவு படி ஏற முடியாது, அதனால் காரை மேலே எதுவரை விடுவார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். பெரியவர்களோடு போகிற எந்த இடத்துக்கும் இதையும், கழிவறை எங்கே இருக்கிறது என்பதையும் முந்தின நாளே விசாரித்துவிடுவது என் பழக்கம். பெண்களில் எத்தனையோ பேர் இந்த ஒரு காரணத்துக்காகவே “நான் வரல, நீங்க போயிட்டு வாங்க” என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

திங்கள் சித்திரை ஒன்று. எங்கும் போகவில்லை. பயணத்துக்கு நடுவில் இப்படி ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். சொதி வைத்தோம், பழைய ஆல்பங்களைப் பிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் போனோம். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் காயல்பட்டினம், ஆறுமுகநேரி, குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி என்று வாழைத் தோட்டங்களுக்கும் வயலுக்கும் நடுவில் போகும். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயணம் எங்கள் பக்கத்தில் இல்லை. டிக்கெட் செலவு ஒன்றும் பெரிதில்லை. வாசலோரம் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் போதும். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இறங்கினோம். 2023 டிசம்பர் பெருமழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய், சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்ற நிலையம் இது. பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீடுகளிலும் வெள்ளம் நிற்க, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். பிளாட்பாரத்தில் நின்று அதைச் சொன்னபோது பிள்ளைகள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து ஆதிச்சநல்லூருக்குக் காரில் சில நிமிடம். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையோரத்திலேயே இருக்கிற அந்தப் பரம்பை, அதாவது மேட்டு நிலத்தை, நான் சின்ன வயதில் நூறு தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன், ஒரு தடவை கூட இறங்கியதில்லை. 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து இங்கே தோண்டினார். அவர் எடுத்தவை ஜெர்மனிக்குப் போய்விட்டன. அவருக்குப் பிறகு 1899இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ சில வருடங்கள் தோண்டினார். அவர் கண்டெடுத்த வெண்கலப் பொருட்கள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் பொன்பட்டங்கள் எல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004இல் மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. இப்போது தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் இந்தக் களக் காட்சியகம் திறந்தது. கண்ணாடிமேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழிகள், கிடந்த இடத்திலேயே.

அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அத்தை பையனிடம் தனக்குத் தெரிந்த கதையைச் சொன்னாள். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராது, வயதாகி வயதாகிச் சுருங்கிச் சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள், அப்போது தாழிக்குள் உட்கார வைத்து, பக்கத்தில் சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள். எங்கள் ஆச்சியும் எனக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். முதுமக்கள் தாழி என்ற பெயருக்குத் தமிழ்நாடு முழுக்க ஊர்களில் இப்படித்தான் விளக்கம். காட்சியகத்தில் எழுதி வைத்திருப்பது வேறு. இது இறந்தவர்களைப் புதைத்த இடம், சில தாழிகளில் எலும்பை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள், கூடவே பானையும் தானியமும் கருவியும். பையன் பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு ஆச்சி முறையான அத்தை சொன்னது தப்பு என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் படபடப்பாக இருந்தது. அவன் நோட்டை எடுத்து இரண்டையும் எழுதினான். ஒரு பக்கம் ‘ஆச்சி சொன்னது’. எதிர்ப்பக்கம் ‘போர்டில் உள்ளது’.

அப்புறம் அவன் கேட்டான், “ஆச்சி, இவங்க நம்ம ஆட்களா?”

அத்தை கண்ணாடிக்குக் கீழே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த ஆத்துத் தண்ணிய குடிச்சவங்கதான” என்றாள்.

அங்கிருந்து கிருஷ்ணாபுரம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஒரு காரில் தனியாகப் போனார்கள். நெல்லைக்குக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில். அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவன், அரசகுமாரனைத் தூக்கிச் செல்லும் குறத்தி, வீரபத்திரர், கர்ணன், அர்ஜுனன் எல்லாம் ஆளுயரக் கல்லில். நரம்பும் நகமும் தெரியும். சிங்கப்பூர் மாப்பிள்ளை அங்கே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டார் என்று தங்கை வந்து குறை சொன்னாள். எனக்கு அது சந்தோஷமான செய்தி. ஒருவருக்குப் பிடித்த இடத்தில் அவரை இழுக்காமல் விட வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை.

கேட்டார்கள், நான் மறுத்த இடங்களும் உண்டு. முதலாவது குற்றாலம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். பங்குனியில் அங்கே காய்ந்த பாறைதான், சீசன் ஜூனுக்கு மேல்தான். அருவி பார்த்தே தீர வேண்டும் என்றால் பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவியில் எப்போதும் தண்ணீர் இருக்கும். ஆனால் எங்கள் ஊரிலிருந்து அது ஒரு முழு நாள். கன்னியாகுமரியில் சூரியோதயம் என்றால் ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், பெரியவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். கழுகுமலையை மறுத்ததுதான் எனக்கே வருத்தம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலும், அதே மலையில் சமணர்கள் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களும், அடியில் வட்டெழுத்தும் தமிழ்நாட்டில் வேறெங்கும் இப்படி ஒரே இடத்தில் கிடைக்காது. ஆனால் போக மட்டும் இரண்டரை மணி நேரம். வெயிலில் மொட்டைப் பாறை ஏற வேண்டும். அதை மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்து இடங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. திரும்பிப் போகிற வழியில் வைத்துக்கொள்வது. சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு விமானம் மதுரையிலிருந்து. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் நாற்கரச் சாலையில்தான் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், உமறுப் புலவரின் நினைவிடம், முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி நான்கும் ஒரே சின்ன ஊருக்குள். விமானத்துக்கு வழக்கமாகக் கிளம்புவதைவிட மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். அப்படித்தான் அவர்கள் புதன்கிழமை கிளம்பினார்கள். கோவில்பட்டி வழியாகப் போகிறவர்களாக இருந்தால் கடலைமிட்டாய் வாங்க மறக்க வேண்டாம்.

மீதியிருந்த நாங்கள் அன்று விடிகாலை கூந்தன்குளம் போனோம். சாத்தான்குளம், மூலைக்கரைப்பட்டி வழியாகக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான சரணாலயத்தில் பறவை தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். இங்கே வீட்டுக் கொல்லையில் நிற்கிற வேப்பமரத்திலும் புளியமரத்திலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. கீழே ஓர் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார், தலைக்கு மேல் கூழைக்கடாக் குஞ்சு கத்திக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி கிடையாது. எச்சம் விழுந்த குளத்து மண் வயலுக்கு உரம். பறவை வந்தால் அந்த வருடம் மழை நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரியில் வர வேண்டும். ஏப்ரலில் அவை கிளம்பிப் போயிருக்கும். ஆனால் மரத்தில் கூடு கட்டியவற்றின் குஞ்சுகள் வளர்ந்து சிறகடித்துப் பழகுகிற காலம் இதுதான்.

அத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்காரம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊர், எந்த சாஸ்தா என்று விசாரணை தொடங்கி, பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சொந்தம் வந்துவிட்டது. நாங்கள் குளக்கரையைச் சுற்றிவிட்டு வரும்போது அத்தை அந்தம்மாவிடம் தன் தம்பி ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், மூன்று வயதில் காய்ச்சலில் போன தம்பி. அப்பாவுக்கு அப்படி ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது. அவர் பெயரைப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். நான் இங்கே எழுதவில்லை. அது வீட்டுக்குள் இருக்கட்டும்.

திரும்பும்போது முதலூரில் நிறுத்தி, தேங்காய்ப்பாலில் கிண்டுகிற மஸ்கோத் அல்வா வாங்கினோம். கார் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பொட்டலம் காலி.

வியாழன் காலை திருநெல்வேலி ஜங்ஷனில் அத்தையை மும்பை ரயிலில் ஏற்றிவிட்டோம். ஓலைப்பெட்டியில் விடிலிக் கருப்பட்டி, மேலே சில்லுக்கருப்பட்டி, ஒரு டப்பா தூத்துக்குடி மக்ரூன். பையன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கினான். அத்தை ஜன்னல் கம்பி வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“ஏல, அடுத்த வருசம் உத்திரம் எப்ப வருது?”

“இந்த வருசத்தைவிடக் கொஞ்சம் முன்னாடியே வரும் அத்தை.”

“முன்னாடி வந்தா பதனி இருக்கும்லா?”

“இருக்கும் அத்தை.”

“அப்ப சொல்லி வை” என்றாள்.